பெரிய கார் எத்தனை வருஷம் தாங்கும்

1

போன ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து செல்வம் ஃபோன் செய்தான். என் மனைவி செண்பகத்தின் தம்பி மகன். தீபாவளிக்குக்கூட மிஸ்டு கால் மட்டும் கொடுக்கிறவன், அன்று தன் காசில் பேசினான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மாமா, மதுரையில ஒரு டாக்டர் அவரு வெளிநாட்டுக் காரைக் குடுக்காராம். பழசுதான். ஆனா லெதர் சீட்டு, பட்டனை அமுக்குனா எறங்குத கண்ணாடி, எல்லாம் இருக்கு. வெலையும் சல்லிசு. நீங்கதான் இத்தனை வருஷமா அப்படி ஒரு வண்டி வச்சிருக்கீகள்லா. சொல்லுங்க, எத்தனை வருஷம் தாங்கும்?"

ஒரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போக ஆசையாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் 'சரி மாமா' என்று வைத்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். ஊரில் பழைய பெரிய கார் மீது கண் வைத்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது கொல்கத்தா, பவானிபூர். இதை வெளிநாடு என்றால் சிரிப்பீர்கள். துபாயில் இருக்கிறவன் காலையில் விமானம் ஏறி ராத்திரி சாப்பாட்டுக்குத் தென்காசி வந்துவிடுகிறான். நான் இரண்டு இரவு ரயிலில் கிடந்து, சென்னையில் குளித்து, மறுபடி ரயில் ஏறி வந்து சேர்ந்தால், "லீவு எத்தனை நாளு?" என்று கேட்கிறீர்கள். துபாய்க்காரன் வாங்கி வந்த சோப்பைப் பெட்டியில் பூட்டி வைக்கிறீர்கள். நான் வாங்கி வந்த சந்தேஷ் இனிப்பை, பால்கோவா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தள்ளி வைக்கிறீர்கள். முப்பது வருஷமாக இதுதான் என் வெளிநாட்டு மரியாதை.

நேற்று இங்கே விஸ்வகர்மா பூஜை. மொட்டைமாடியெல்லாம் பட்டம், தெருவிலுள்ள ரிக்‌ஷா முதல் பஸ் வரை எல்லாவற்றுக்கும் மாலை. என் காருக்கும் ஒன்று போட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் நம் ஆயுத பூஜை வரும், அப்போது சந்தனமும் எலுமிச்சம்பழமும். எந்தச் சாமி அதைப் பார்த்துக்கொள்கிறது என்று தெரியாததால் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்வதில்லை. மாலை போட்டதும், "இந்த வருஷம் இதை விற்றுவிடப் போகிறேன்" என்று அறிவித்தேன். செண்பகம் பூக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இதை நான் ஒவ்வொரு விஸ்வகர்மா பூஜைக்கும் அறிவிக்கிறேன்.

2

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு அதிகாரி. சணலும் தேயிலையும் விற்ற கம்பெனி. வெள்ளைக்காரன் போய் ஐம்பது வருஷமாகியும் மத்தியானம் சூப் குடிப்பதை விடாத இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய அதிகாரி ஓய்வு பெற்றால், அவருடைய கார் கணக்குப் புத்தகத்தில் என்ன மதிப்பில் நிற்கிறதோ அதே மதிப்பில் ஆபீஸ்காரர் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பெரியவர் ஓய்வு பெற்றார். அவருடைய கார் வெளிநாட்டில் செய்தது. கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகத்தைச் சாத்துகிற சத்தம் கேட்கும். அந்தக் காருக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் தேய்மானம் எழுதிக் கழித்தவன் நான். கழித்துக் கழித்து, ஒரு நல்ல ஸ்கூட்டர் விலைக்குக் கொண்டு வந்திருந்தேன். கண்ணெதிரே கார் பளபளவென்று நிற்கிறது, மதிப்பு மட்டும் என் பேனாவில் தேய்ந்திருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு ஏமாளிக் கணக்கு உண்டா என்று எடுத்துக்கொண்டேன். நான் எழுதிய தேய்மானம் உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை. இந்தத் தப்பைச் செய்ய ஒருவன் கணக்குப் பிரிவில் இருந்தாக வேண்டும்.

வண்டி எங்கள் சந்துக்குள் வந்தது. வீட்டு முன்னால் நிறுத்தினால் வால்பகுதி பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. செண்பகம் மாடியிலிருந்து பார்த்தாள்.

"இதுக்குத் தனியா ஒரு வீடு பாக்கணும் போலிருக்கே" என்றாள்.

அன்றே தென்காசிக்குக் கடிதம் போட்டேன். குறிப்பாக என் மச்சான் சங்கரனுக்கு, அதாவது செல்வத்தின் அப்பாவுக்கு. நான் கல்கத்தாவில் குமாஸ்தாவாகத்தான் இருக்கிறேன், அதிகாரி என்று கதை விடுகிறேன் என்பது அவனுடைய நெடுநாள் கருத்து. வா, ஹவுரா ஸ்டேஷனுக்குக் காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று எழுதினேன். வந்தான். அன்றைக்கு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தான். அன்றும் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"போட்டோல யாரு காருக்கு முன்னால யாரு வேணும்னாலும் நிக்கலாம் அத்தான்" என்று ஃபோனில் சொன்னான். அதன்பின் எப்போது பேசினாலும், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "வண்டி ஓடுதா?" என்பான்.

3

பெயர் மாற்றப் போன அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் குடையையும் டிபன் டப்பாவையும் பார்த்தார். "மாலிக்கை அனுப்பு, டிரைவர் வந்தால் ஆகாது" என்றார். நான்தான் மாலிக், வண்டிக்குச் சொந்தக்காரன், என்றேன். "நாளைக்கு வாருங்கள்" என்றார். அந்த 'நாளைக்கு' மூன்று மாதம் கழித்து வந்தது. கிளப் வாசல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எங்கே போய் இறங்கினாலும் காவலாளி பின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்து, வண்டியை ஓரமாகப் போடச் சொல்வார். கோபப்பட்டு என்ன செய்ய? முகம் அப்படி.

இப்போது செல்வத்தின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, பெரிய காரில் இரும்பு சாகாது. எஞ்சின், கதவு, பெயின்ட், லெதர், எல்லாம் உன்னை விட நன்றாக இருக்கும். சாவது ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும்தான். அதாவது எந்தச் சொகுசைப் பார்த்து நீ ஆசைப்படுகிறாயோ, அது ஒவ்வொன்றாக, வரிசையாகச் சாகும்.

முதலில் ஏசி போனது. கல்கத்தா மே மாதம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஹீட்டர் அற்புதமாக வேலை செய்தது, இன்றைக்கும் செய்கிறது. அடுத்து, பட்டனை அமுக்கினால் நகரும் சீட், நான் சாய்ந்து கால் நீட்டிப் பார்த்த நிலையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருஷம் பல் டாக்டரிடம் போனவன் மாதிரி படுத்துக்கொண்டு ஓட்டினேன். கூரையில் வானம் பார்க்க ஒரு கண்ணாடி இருந்தது. முதல் மழையிலேயே செண்பகத்தின் மடியில் ஒழுகியது. பசை போட்டு மூடினோம். கண்ணாடிகள் நான்கும் ஏறிய நிலையிலேயே நின்றன. ஏறியபடி நின்றதால் மழைக்கு நல்லது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மெக்கானிக் பெயர் நிமாய். எதைக் காட்டினாலும், "ஹொயே ஜாபே, தாதா" என்பான். ஆகிவிடும் அண்ணே என்று பொருள். என்ன ஆகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வயரைச் சரிசெய்யும்போது இன்னொன்றைக் கழற்றி, அதற்கு அடுத்த மாதம் வரச் சொல்வான். அவன் மகன் படித்து, கல்கத்தாவின் புதுப் பகுதியான சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதில் என் காருக்குக் கணிசமான பங்கு உண்டு.

ஸ்டார்ட் செய்யவும் ஒரு முறை வந்தது. சாவியைப் பாதி திருப்ப வேண்டும். முழங்கால் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் அங்கே கையால் ஒரு தட்டு. பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் மிதித்தபடி முழுசாகத் திருப்ப வேண்டும். நல்ல நாளில் நாலாவது தடவை பிடிக்கும். இந்த வித்தை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கார் என்னிடம் இருந்ததா, நான் காரிடம் இருந்தேனா என்று செண்பகம் கேட்பாள்.

4

எங்களுக்கு ஒரே மகள், மீனா. அந்தக் கார் வந்தபோது ஏழாவது படித்தாள். முதல் மாதம் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போவேன் என்று அடம். ஒரு மழைநாளில் பவானிபூர் தெருவில் முழங்கால் தண்ணீர். அம்பாசிடர் டாக்ஸிகள் எல்லாம் எருமை மாதிரி நீந்திப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கார் மட்டும் நடுத்தெருவில் நின்று, உள்ளே எல்லா விளக்கையும் போட்டு, ஹாரனைத் தானாக அடிக்க ஆரம்பித்தது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவள் மெட்ரோவில் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வளர்ந்ததெல்லாம் மெட்ரோவிலும் ஆட்டோவிலும்தான். அப்பா என்று கூப்பிட்டவள் எப்போது 'பாபா'வுக்கு மாறினாள் என்று எனக்குத் தெரியாது. சண்டை போட்டால் வங்காளத்தில் போடுவாள், செல்லம் கொஞ்சினாலும் வங்காளத்தில். தமிழ் அவளிடம் மிஞ்சியது சாப்பாட்டுக்கும் காய்ச்சலுக்கும் மட்டும். தென்காசிக்குப் போனால், "இந்தப் புள்ள என்ன, இந்திக்காரப் புள்ள மாரி பேசுது" என்பார்கள். அவள் அடுத்த தடவை வரமாட்டேன் என்பாள். ஊர் அவளுக்கு ஒரு லீவு நாள் தண்டனையாக ஆகிவிட்டது. எனக்கு அது உள்ளே அறுத்தது, ஆனால் வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

சால்ட் லேக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே அனிர்பன் என்ற பையனைப் பார்த்தாள். வங்காளி. நல்ல பையன்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது, செண்பகத்துக்கு ஒரு தடவை டீ கொடுத்ததிலேயே தெரிந்துவிட்டது.

கல்யாணம் வங்காளி முறையில் என்று முடிவானது. சாயங்காலம், கோதூளி லக்னத்தில். மாலைமாற்று, மந்திரம், மீன், எல்லாம் அவர்கள் முறை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மாப்பிள்ளை அழைப்பு வேண்டும். நாதஸ்வரம் முன்னால் போக, மாப்பிள்ளை என் காரில் வர வேண்டும். வங்காளி வழக்கத்திலும் பெண் வீட்டார் காரை அனுப்பித்தான் மாப்பிள்ளையை அழைத்து வருகிறார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

மீனாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பாபா, ப்ளீஸ். எந்தக் கார்ல வேணும்னாலும் வரட்டும், அந்தக் கார் மட்டும் வேண்டாம். லக்னம் போயிட்டா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?" என்றாள், வழக்கம்போல வங்காளத்தில்.

தெரியும். லக்னம் தவறினால் பெண்ணுக்கு ஆகாது என்று இங்கே எல்லாரும் நடுங்குவார்கள். ஆனால் தென்காசியிலிருந்து இருபது பேர் ரயில் ஏறியாகிவிட்டது. அதில் சங்கரனும் இருந்தான். இந்த ஊரில் நான் சேர்த்தது என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. மகள் நம் பாஷையைப் பேசமாட்டாள், கல்யாணம் நம் முறை இல்லை. அந்த ஒரு கால்மணி நேரமாவது அது எங்கள் வீட்டுக் கல்யாணமாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

"அது ஓடும்" என்றேன். நிமாயைக் கேட்டேன். ஹொயே ஜாபே என்றான்.

5

பெண்ணின் அப்பாவே போய் மாப்பிள்ளையை அழைத்து வருவது இரண்டு ஊரிலும் வழக்கமில்லை. ஆனால் ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. வைகாசி வெயிலில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சால்ட் லேக் போனேன். துணைக்கு சங்கரன் முன் சீட்டில். அனிர்பன் வீட்டு வாசலில் அவனுடைய பிஷி, அதாவது அத்தை, சங்கரனை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். எனக்கு ஒரு காகிதத் தட்டில் இரண்டு ஸ்வீட் வைத்து, "டிரைவர் தாதா, சாப்பிட்டு முடித்ததும் ஹாரன் அடியுங்கள்" என்று வங்காளத்தில் சொல்லிக் காரிலேயே கொடுத்தார். சாப்பிட்டேன். நல்ல ஸ்வீட்.

பைபாஸில் கார் பறந்தது, மாப்பிள்ளை வீட்டார் டாக்ஸிகளில் பின்னால் வந்தார்கள். அதைச் செய்தவன் வேகமாகப் போவதற்குத்தான் செய்திருக்கிறான். சங்கரன் டேஷ்போர்டு மரத்தைத் தடவிப் பார்த்தான். "பரவால்ல அத்தான்" என்றான். பத்து வருஷமாக அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

பவானிபூரில் தெருமுனையில் தென்காசிக் கூட்டத்தோடு நாதஸ்வரக்காரர்கள் காத்திருந்தார்கள். இங்கே ஏரி பக்கத்துத் தமிழர் கோயிலில் வாசிக்கிறவர்கள். அங்கிருந்து கல்யாண வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அவர்கள் முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்தது. இங்கேதான் நான் நினைத்துப் பார்க்காத விஷயம். அந்தக் கார் வாழ்நாளில் நடைவேகத்தில் போனதே இல்லை. காற்று இல்லாமல் எஞ்சின் கொதித்தது, முள் சிவப்பை நோக்கி ஏறியது. எஞ்சின் சூட்டைக் குறைக்க ஒரே வழி ஹீட்டரை முழுசாகத் திறந்து அந்தச் சூட்டை உள்ளே இழுப்பது. திறந்தேன்.

ஏசி இல்லை. கண்ணாடி இறங்காது. கூரை பசையில் மூடியிருக்கிறது. வைகாசி மாதம், ஹீட்டர். பின் சீட்டில் பட்டு ஜிப்பாவும், தலையில் நெட்டியில் செய்த உயரமான வெள்ளைக் கிரீடமுமாக மாப்பிள்ளை. அவன் நெற்றியில் அழகாக இட்டிருந்த சந்தனப் பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து கன்னத்தில் இறங்கின. பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வந்த அவனுடைய அக்கா பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"ஸாரி அனிர்பன்" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"கிச்சு ஹொபே நா, காகு. ஆப்னி சாலான்" என்றான். ஒன்றும் ஆகாது மாமா, நீங்கள் ஓட்டுங்கள் என்று. குரலில் ஒரு பிசிறு இல்லை. அழுகிற பிள்ளைக்குத் தன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், இவனிடம் கொடுக்கலாம் என்று என் மனசு முழுசாக ஒத்துக்கொண்டது.

அப்போது கார் நின்றது. சாவி, டிக், தட்டு, மிதி, எதற்கும் அசையவில்லை. லக்னத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கல்யாண வீட்டு வாசலில் சங்கு ஊதிக் காத்திருந்தார்கள். இறங்கி நடந்துவிடலாம் என்றான் அனிர்பன். வழியில் மாப்பிள்ளை தரையில் கால் வைக்கக் கூடாது என்று அவனுடைய பெரியப்பா கத்தினார். பாதி அழைப்பில் மாப்பிள்ளை இறங்கினால் அபசகுனம் என்று சங்கரன் கத்தினான். இரண்டு குடும்பமும் அந்தக் கல்யாணத்தில் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பெரியப்பா ஜிப்பாக் கையை மடித்தார். சங்கரன் வேட்டியை மடித்துக் கட்டினான். தென்காசிக்காரர்களும் சால்ட் லேக்காரர்களும் பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். இந்தச் செல்வமும் தள்ளினான், இன்று மறந்துவிட்டான் போல. நாதஸ்வரம் நிற்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் இவ்வளவு அழகாகப் போனதே இல்லை. ஒரு குலுக்கல் இல்லை, புகை இல்லை.

வாசலில் செண்பகத்தின் சித்தி நின்றுகொண்டிருந்தார். பின்னால் தள்ளுகிற கூட்டம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "பாருட்டி, எஞ்சின் சத்தமே கேக்காம வருது. வெளிநாட்டுக் காருன்னா சும்மாவா" என்றார். சங்கரன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். மடித்த வேட்டியை இறக்கிவிட்டான். தள்ளியதை இன்றுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் என்றால் அவன் மச்சான்.

லக்னம் தவறவில்லை.

6

செல்வம் கேட்டதற்குப் பதில் இதுவரை சொன்னதில் இல்லை, இனிமேல்தான்.

மறுநாள் காலையில் பெண்ணை அனுப்ப வேண்டும். இங்கே பெண் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் ஒரு பிடி அரிசியைத் தலைக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போவாள். அம்மா முந்தானையில் வாங்கிக்கொள்வாள். செண்பகத்துக்கு இதை முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் அரிசி விழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஏசி போட்ட ஒரு புதுக் கார் கொண்டு வந்திருந்தார்கள், பூ அலங்காரத்தோடு. மீனா அதன் அருகே போனாள், நின்றாள். பிறகு என் காருக்கு வந்து, பின் கதவைத் திறந்தாள்.

"இதுலயே போறேன்" என்றாள். வங்காளத்தில் இல்லை. "நீங்களே கொண்டு விடுங்கப்பா."

அனிர்பன் சிரித்தபடி மறுபக்கம் ஏறிக்கொண்டான், கையில் ஒரு விசிறியோடு.

நான் முன்னால் உட்கார்ந்தேன். முந்தின நாள் அவ்வளவு கொதித்து நின்ற வண்டி, யாரும் கை வைக்கவில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தது. நிச்சயம் கிளம்பாது. கிளம்பாவிட்டால் நிமாய்க்கு ஆள் அனுப்ப வேண்டும். அவன் வந்து பார்த்து, ஹொயே ஜாபே சொல்லி, டீ குடிப்பான். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும், மகளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். அந்த வண்டி ஓட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

சாவியைப் பாதி திருப்பினேன். 'டிக்' சத்தத்துக்கு முன்பே, நான் தட்டவில்லை, மிதிக்கவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூன்று வருஷம் ஆகிறது. மீனா இப்போது கலிபோர்னியாவில். உண்மையான வெளிநாடு, சோப்பெல்லாம் வரும். நிமாய் எவ்வளவோ சொல்லியும் நான் அந்தக் காரில் எதையும் மாற்றவில்லை, விற்கவும் இல்லை.

செல்வம், எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டாய். உன் மகளைக் கொண்டுபோய் விடுகிற நாள் வரைக்கும் தாங்கும். அன்றைக்கு முதல் சாவியிலேயே கிளம்பும். யோசித்து வாங்கு.